நிர்வாகத் தரப்பு முதல் சாட்சி

மாசிலாமணிக்குப் பூவரசனைப் பிடிக்காது என்று சொன்னால் அது பாதிதான் சரி. பூவரசனை எல்லாருக்கும் பிடித்திருந்தது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினைந்து வருஷமாகப் பொறுக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்பது அல்சர் மாதிரி ஒரு வியாதியாக இருந்திருந்தால் மனுஷன் எப்போதோ ஆபரேஷன் பண்ணிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

இரண்டு பேரும் வேலை பார்த்தது திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டில், சக்கரபாணி முதலாளியின் மல்லாட்டை மில்லில். விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிற நிலக்கடலைக் காயை வாங்கி, உடைத்து, பருப்பாக்கி வெளியூருக்கு அனுப்புகிற இடம். விழுப்புரம் தனி மாவட்டமான 1993இல் மாசிலாமணி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சொந்த ஊர் வளவனூர். முதலில் அவருக்குக் கிடைத்தது சாம்பிள் மேசை. மில்லில் அதுதான் ராஜா மேசை. வந்த மூட்டைகளிலிருந்து காயை எடுத்துக் கலந்து, இருநூறு கிராம் நிறுத்து, உடைத்து, பருப்பில்லாத பொக்கையும் சொத்தையையும் பொறுக்கித் தள்ளிவிட்டு, நல்ல பருப்பு எத்தனை கிராம் தேறுகிறது என்று சீட்டில் எழுத வேண்டும். சீட்டில் விழுகிற எண்ணை வைத்துத்தான் விலை. நூற்று நாற்பது என்று விழுந்தால் விவசாயி வெற்றிலைப் பையைத் திறப்பார். நூற்று முப்பது என்று விழுந்தால் வானத்தைப் பார்ப்பார்.

1996 சீசனில் பூவரசன் மூட்டை தூக்க வந்தான். மேல்மலையனூர்ப் பக்கத்து ஆள், மாசிலாமணியைவிட ஆறு வயது சின்னவன். அந்த வருஷம் வரத்து தாங்கவில்லை என்று மாசிலாமணிதான் அவனைத் தன் மேசைக்குத் துணைக்கு வைத்துக்கொண்டார். எங்கே கை விடுவது, எப்படிக் கலப்பது, எதைப் பொக்கு என்று தள்ளுவது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். இதை மாசிலாமணி ஒரு நாளும் மறந்ததில்லை. மற்றவர்களோ, ஒருத்தர் விடாமல் மறந்துபோனார்கள்.

இரண்டு வருஷம் கழித்து முதலாளி மாசிலாமணியைக் கூப்பிட்டு, மேனேஜர் என்று சொல்லி, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். சாம்பிள் மேசை பூவரசனுக்குப் போயிற்று. பதவி உயர்வுதான், இல்லையென்று சொல்ல முடியாது. வீட்டில் அவர் மனைவி பவுனு பாயசம் வைத்தாள். மாசிலாமணி அரைக்கைச் சட்டைகளை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளைத் துணியில் ஐந்து முழுக்கைச் சட்டை தைத்துக்கொண்டார். மணிக்கட்டில் பித்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பேங்க் ஆபீசர் தோற்றுப்போவார். ஆனால் ஒரு மாதத்துக்குள்ளேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தனக்குக் கிடைத்தது நாற்காலி, அவனுக்குக் கிடைத்தது ஜனம்.

வண்டி உள்ளே வரும்போதே, "பூவரசு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள். அவன் அன்றைக்கு லீவு என்றால், "அப்ப நாளைக்கு வந்து இறக்கிக்கிறோம்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. மேனேஜர் ஒருவர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது அவர்கள் கண்ணில் படவே படாது. முதலாளியாவது லட்சணமாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. காலையில் மில்லுக்குள் நுழைந்ததும் நேராகச் சாம்பிள் மேசைக்குப் போய், தட்டிலிருந்து இரண்டு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு எப்பிடிடா?" என்பார். அவனிடம் நின்று பேசுவது கால் மணி நேரம். மாசிலாமணியின் மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

சரி, மில்லில்தான் இப்படி, வீட்டிலாவது நிம்மதி உண்டா? 2010இல் பவுனுக்குப் பித்தப்பையில் கல் வந்து துடித்தபோது மாசிலாமணி பருப்பு லோடோடு வெளியூர் போயிருந்தார். பூவரசன்தான் காரைப் பிடித்து முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், அட்மிஷன் போட்டு, மறுநாள் இவர் வந்து சேருகிறவரைக்கும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். நன்றி சொல்லவேண்டிய இடம். மாசிலாமணி சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அதற்கப்புறம் பவுனு சோறு போடும்போதெல்லாம், "பூவரசன் தம்பி நல்லா இருக்குதா? ஒரு நாளைக்குச் சாப்புடக் கூட்டிக்கினு வாயேன்" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். தன் பெண்டாட்டியைக் காப்பாற்றியவன் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வந்தது.

2011 பங்குனியில் சந்தர்ப்பம் வந்தது. சீட்டில் இருக்கிற கணக்குக்கு மெஷினில் பருப்பு விழவில்லை என்று முதலாளி முணுமுணுத்தார். "எங்கியோ இடிக்குதே மாசிலாமணி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு போதாதா?

"நான் பாக்குறேன் மொதலாளி" என்றார் மாசிலாமணி.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மில்லில் ஆள் இல்லாத நேரத்தில், அவரே குடோனுக்குள் போனார். பூவரசன் சீட்டுப் போட்டு வாங்கி அடுக்கியிருந்த மூட்டைகளில், ஒரு விவசாயியுடையது ஒரு லாட்டு என்ற கணக்கில், ஒன்பது லாட்டைத் தேர்ந்தெடுத்தார். சாக்கு வாயைப் பிரித்தார், ஒரு கை அள்ளினார், நிறுத்தார், உடைத்தார், எழுதினார். பூவரசன் நூற்று நாற்பத்திரண்டு எழுதிய லாட்டில் இவருக்கு நூற்று முப்பத்தாறு வந்தது. நூற்று முப்பத்தெட்டு எழுதியதில் நூற்று முப்பத்திரண்டு. ஒன்பது லாட்டிலும் ஐந்து ஆறு கிராம் குறைவு. அதில் நாலு லாட்டு மேல்மலையனூர்ப் பக்கத்து ஆட்களுடையது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை குடோனைவிட்டு வெளியே வந்தபோது, பல வருஷத்துக்குப் பிறகு அவருக்கு நல்ல பசி எடுத்தது. ஓட்டலில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை முதலாளி ஒன்பது சீட்டையும் பூவரசன் முன்னால் போட்டார். சொந்த ஊர்க்காரனுக்கெல்லாம் கூட்டி எழுதி, அதில் பங்கு வாங்கிக்கொள்கிறான் என்று தீர்மானமாகிவிட்டது. முதலாளி முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அதைப் பார்த்தும் மாசிலாமணிக்குப் பொறாமையாக இருந்தது. தான் தப்புப் பண்ணினால் இந்த மனுஷன் இப்படி வருத்தப்படுவாரா?

"நான் பாத்துதான் எழுதினேன் மொதலாளி. ஒரு கிராம்கூட கூட்டல. அண்ணன் எப்பிடி எடுத்தாரு?" என்று கேட்டான் பூவரசன்.

"அவரு மேனேஜருடா. அவரைக் கேள்வி கேப்பியா நீ?" என்றார் சக்கரபாணி. அன்றைக்கே ஒரு தாளில் நாலு வரி எழுதி, மாசிலாமணிதான் எழுதினார், பூவரசனை வேலையைவிட்டு எடுத்தார்கள்.

பூவரசன் சும்மா இருக்கவில்லை. விழுப்புரத்துக்குப் போய்த் தொழிலாளர் அதிகாரியிடம் மனுக் கொடுத்தான். சமரசம் முறிந்து வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. திரும்ப வேலை வேண்டும், மோசடிக்காரன் என்ற பேர் போகவேண்டும், இந்த இரண்டும்தான் அவன் கேட்டது.

முதலாளி சார்பில் ஆஜரானவர் விழுப்புரத்துத் தீனதயாளன் வக்கீல். முப்பது வருஷமாக முதலாளிமார்களுக்காகவே வழக்காடுகிறவர். கட்டை மீசை, கடுகடு முகம். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் சக்கரபாணியைத்தான் பிடித்துக் காய்ச்சினார்.

"விளக்கம் கேட்டு ஒரு லெட்டர் குடுத்தீங்களா? விசாரணை வெச்சீங்களா? அந்த ஆளு தரப்பைச் சொல்ல வுட்டீங்களா? நாலு வரி எழுதி வெளிய போடான்னா ஆயிடுமா? சந்தேகத்துக்கெல்லாம் ஆளை வேலையவுட்டு எடுத்துக்கினு இருந்தா கோர்ட்டு சும்மா வுடாதுங்க."

"இப்ப என்னதான் சார் பண்றது?" என்றார் சக்கரபாணி.

"இப்பவும் ஒரு வழி இருக்குது. விசாரணை வைக்காம போனாலும் கோர்ட்டுலியே மோசடிய நிரூபிக்கலாம். ஆனா அந்தப் பாரம் பூரா நம்ம தலைமேல." சொல்லிவிட்டு அவர் மாசிலாமணி பக்கம் திரும்பினார். "உங்களை வெச்சுதான் கேஸு நிக்குது. நிர்வாகத் தரப்பு முதல் சாட்சி நீங்கதான். வேற சாட்சியும் கிடையாது."

அந்த வார்த்தை மாசிலாமணிக்கு இனித்தது. உங்களை வைத்துத்தான் நிற்கிறது. இருபது வருஷத்தில் மில்லில் ஒருத்தர் வாயிலிருந்தும் வராத வார்த்தை. முதலாளியும் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாம்பிள் எப்பிடி எடுத்தீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்தார் வக்கீல்.

"மூட்டை வாயைப் பிரிச்சேன். மேலாக அள்ளி..." என்று சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று சொல்லலாம். அல்லது குடோனிலேயே உறைத்து, அதை அவர் உள்ளே தள்ளிப் பூட்டி வைத்திருந்தார் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. மல்லாட்டை மூட்டையைத் தூக்கி, வண்டியில் ஏற்றி, குலுக்கி, இறக்கி, அடுக்கினால் கனத்த காய் கீழே இறங்கும், பொக்கு மேலே வரும். மேலாக அள்ளினால் பொக்குதான் கூடுதலாக அள்ளும். அதனால்தான் சாம்பிள் எடுக்கிறவன் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுப்பான். இது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. மாசிலாமணி குடோனில் கையை உள்ளே விடவில்லை. விட்டால் வெள்ளை முழுக்கைச் சட்டை செம்மண்ணாகிவிடும், பித்தானைக் கழற்றி மடித்துவிட்டுக்கொண்டு பூவரசன் மாதிரி நிற்பதற்கு மேனேஜருக்கு மனசு வரவில்லை. மேலாக அள்ளினார். முதல் லாட்டில் ஆறு கிராம் குறைந்ததும் அந்தக் குறைவு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த எட்டு லாட்டையும் அதே மாதிரியே எடுத்தார்.

"ம், மூட்டைய நீங்களே பிரிச்சீங்க, நீங்களே எடுத்தீங்க. வேற ஆளு கை படல. நல்லது" என்று எழுதிக்கொண்டே போனார் தீனதயாளன். அவருக்கு மல்லாட்டை என்றால் வறுத்துத் தின்னத் தெரியும், அவ்வளவுதான். இதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, சொல்ல வேண்டும் என்று இவரும் நினைக்கவில்லை.

புறப்படும்போது வக்கீல் ஒரு பாடம் நடத்தினார். "குறுக்கு விசாரணையில பூவரசனோட வக்கீலம்மா கடைசியா, அது இப்பிடின்னு சொல்றேன், இது அப்பிடின்னு சொல்றேன்னு ஒவ்வொண்ணா போடுவாங்க. நீங்க ஒரே வார்த்தைதான் சொல்லணும். சரியல்ல. அவ்ளோதான். காரணம் சொல்லாதீங்க, கதை சொல்லாதீங்க, கோவப்படாதீங்க. சொல்லுங்க பாப்போம்."

"சரியல்ல" என்றார் மாசிலாமணி. திண்டிவனம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து நாலைந்து முறை முணுமுணுத்தும் பார்த்துக்கொண்டார்.

பூவரசன் போனபிறகு சாம்பிள் மேசையில் முதலாளி மாசிலாமணியைத்தான் மறுபடி உட்கார வைத்திருந்தார். கேட்ட வரம் கிடைத்தமாதிரிதான். ஆனால் வருகிற வண்டிக்காரர்கள், "பூவரசு வரலியா? கேஸு என்னாச்சுதாம்?" என்று அவரிடமே விசாரித்தார்கள். சிலபேர் வேறு மில்லுக்குப் போய்விட்டார்கள். இல்லாதவன் மேலும் ஒருத்தர் பொறாமைப்பட முடியும் என்று அந்த இரண்டு வருஷத்தில் மாசிலாமணி கண்டுபிடித்தார். இருக்கிறவனிடமாவது ஒரு குறை கண்ணில் படும், இல்லாதவனிடம் அதற்கும் வழியில்லை.

வழக்கு 2013 ஆவணியில் விசாரணைக்கு வந்தது. நீதிபதி விழுப்புரத்தில் முகாம் உட்கார்ந்த நாள். மாசிலாமணி புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். வாசலில் வேப்பமரத்தடியில் பூவரசன் நின்றுகொண்டிருந்தான். அவனைச் சுற்றிப் பதினைந்து இருபது விவசாயிகள், வேலையைப் போட்டுவிட்டு, காலை முதல் பஸ்ஸுக்கே வந்திருந்தார்கள். ஒருவர் அவனுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். மாசிலாமணிக்கு டீ வாங்கித் தர யாரும் இல்லை. முதலாளிகூடக் காரைவிட்டு இறங்காமல் போன் பேசிக்கொண்டிருந்தார். மோசடிக்காரன் என்று பேர் வாங்கிய பிறகும் இவ்வளவு பேர் வருகிறார்களே, நமக்குச் சாவு விழுந்தால்கூட இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிப் பார்த்தார். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"வாங்கண்ணே" என்றான் பூவரசன், அவரைப் பார்த்ததும். பழக்க தோஷம். மாசிலாமணி காதில் விழாதமாதிரி உள்ளே போனார்.

தன் தரப்பு வக்கீலே கேட்கிற முதல் விசாரணை சுலபமாக முடிந்தது. தீனதயாளன் எடுத்துக் கொடுக்க, மாசிலாமணி ஒன்பது லாட்டையும் ஒன்பது சீட்டையும் ஒப்பித்தார். நீதிபதி அதைத் தன் வார்த்தையில் சுருக்கிச் சொல்ல, தட்டச்சர் அடித்துக்கொண்டே போனார். வாயைத் திறந்து நாம் பேசுவது வேறு, காகிதத்தில் ஏறுவது வேறு என்பதை மாசிலாமணி அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தார்.

பூவரசனுக்காக எழுந்தவள் கலைப்பிரியா என்ற பெண் வக்கீல். முப்பது வயதுகூட இருக்காது. செஞ்சிப் பக்கம் மல்லாட்டை போடுகிற வீட்டுப் பெண். தீனதயாளனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும் என்பதை மாசிலாமணி முதல் கேள்வியிலேயே புரிந்துகொண்டார்.

"சாக்கு வாயில இருந்து மேலாகத்தான் அள்ளினீங்க?"

"ஆமாம்."

"கையை உள்ள வுடல?"

"இல்ல."

"உங்க மில்லுல அந்த சீசன் முடிஞ்சதும் மெஷினுக்குப் புது சல்லடை மாத்தினீங்களா?"

மாசிலாமணி முதலாளியைப் பார்த்தார். "ஆமாம்" என்றார்.

"பழைய சல்லடை கிழிஞ்சு, நல்ல பருப்பெல்லாம் ஓட்டோட போய்க்கினு இருந்தது. மாத்தினதுக்கப்புறம் பருப்பு குறையுதுங்கிற பேச்சே வரல. சரியா?"

"சல்லடை மாத்தினது சரி. மத்தது எனக்குத் தெரியாது" என்றார். சமாளித்துவிட்டார். தீனதயாளன் தலையை லேசாக ஆட்டினார். அடுத்து வக்கீலம்மா ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். பூவரசன்மேல் உங்களுக்கு விரோதம் என்கிறேன். சரியல்ல. முதலாளியிடம் நல்ல பேர் வாங்க இப்படிச் செய்தீர்கள் என்கிறேன். சரியல்ல. ஒன்பது சீட்டும் நம்பத்தக்கதல்ல என்கிறேன். சரியல்ல. பஸ்ஸில் பயிற்சி எடுத்தது வீண்போகவில்லை. இன்னும் ஒன்றோ இரண்டோ, முடிந்துவிடும். அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

கலைப்பிரியா காகிதத்தை மடித்தாள். உட்காரப் போகிறவள்போல ஒரு பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னாள். "இருபது வருஷம் மில்லுல இருந்தும் உங்களுக்கு சாம்பிள் எடுக்கவே தெரியாதுன்னு சொல்றேன். தெரியாததாலதான் மொதலாளி உங்களை எடுத்துட்டு பூவரசனை அந்த மேசையில வெச்சாரு. பூவரசனுக்குத் தெரிஞ்சதுல கால்வாசிகூட உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றேன்."

பின்வரிசையில் விவசாயிகளில் யாரோ ஒருவர் சிரித்தார். சத்தம் போட்டுக்கூட இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு.

சரியல்ல என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் அதைத் தள்ளிக்கொண்டு பதினைந்து வருஷம் வெளியே வந்தது.

"யாருக்குத் தெரியாது? எனக்கா?" மாசிலாமணி கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவன் மூட்டை தூக்க வந்தவன்மா! பொக்குக்கும் காய்க்கும் வித்தியாசம் தெரியாம வந்தவன். பொக்கு மேலதான்டா நிக்கும், மேலாக அள்ளினா கணக்கு தப்பா வரும், முழங்கை வரைக்கும் கையை வுட்டு அடியில இருந்து எடுடான்னு சொல்லிக் குடுத்ததே நான்தான்! என்கிட்ட கத்துக்கினு என்னையே தெரியாதவன்னா..."

தீனதயாளன் எழுந்தார். எழுந்து என்ன செய்ய? உட்கார்ந்தார்.

கலைப்பிரியா குரலை உயர்த்தவில்லை. "மேலாக அள்ளினா கணக்கு தப்பா வரும்னு தெரிஞ்சும், ஒம்போது லாட்டையும் மேலாகவே அள்ளியிருக்கீங்க."

மாசிலாமணி தீனதயாளனைப் பார்த்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "சாட்சி பதில் சொல்லணும். ஆமாவா இல்லையா?"

"ஆமாம்" என்றார் மாசிலாமணி.

வேறு கேள்வி இல்லை என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் சக்கரபாணி முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போனார். இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார் கதவு சாத்துகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. மில், நாற்காலி, மேனேஜர் உத்தியோகம் எல்லாம் அந்தச் சத்தத்தோடு போயிற்று என்று மாசிலாமணிக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. சொல்ல வேண்டியதைச் சபையில் சொல்லியாகிவிட்டது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எல்லாரும் கேட்டார்கள். சர்க்கார் காகிதத்திலேயே ஏறிவிட்டது.

ஏறியதா என்று பார்க்கலாம். நீதிபதி சொல்லச் சொல்ல அடித்ததைத் தட்டச்சர் வாசித்துக் காட்டினார். "மூட்டையின் மேற்பகுதியில் மாதிரி எடுத்தால் சரியான கணக்கு வராது என்பது எனக்குத் தெரியும். ஒன்பது லாட்டுகளிலும் நான் மேற்பகுதியில் மட்டுமே மாதிரி எடுத்தேன் என்றால் சரிதான்." அதோடு முடிந்தது. கீழே கோடு போட்டு, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

மாசிலாமணி பேனாவை வாங்கவில்லை. "இன்னொரு வரி இருக்குதுங்களே" என்றார்.

"என்ன வரி?"

"நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு சொன்னேன். அது இதுல இல்லீங்களே."

"அது இந்த வழக்குக்குத் தேவையில்லாத விஷயம். கையெழுத்தைப் போடுங்க" என்றார் நீதிபதி.

"ஐயா, ஒரே ஒரு வரிங்க. அதைச் சேத்துக்கினா போதும். வேற எதை வேணும்னாலும் எடுத்துடுங்க."

தீனதயாளன் பக்கத்தில் வந்து, "போதும்யா, கெடுத்தது போதும். போட்டுட்டு வாய்யா" என்று பல்லுக்குள் சொன்னார். மரியாதையெல்லாம் போய்விட்டது. மாசிலாமணி நகரவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனுஷன், முழுக்கைச் சட்டையும் மேல்பாக்கெட்டில் பேனாவுமாக, மிட்டாய் கேட்கிற குழந்தைபோல அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அப்போது பூவரசன் எழுந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, போட்டுக்குங்கய்யா. நெஜம்தான். அண்ணன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு" என்றான்.

கலைப்பிரியா திரும்பி அவனைப் பார்த்தாள். ஆட்சேபணை இல்லை என்று தலையை ஆட்டினாள். நீதிபதி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார், தட்டச்சர் அடித்தார். "மனுதாரருக்கு மாதிரி எடுக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தவன் நான்தான்."

மாசிலாமணி அந்த வரியைப் படித்தார். இத்தனை வருஷமாக முதலாளி சொல்வார், விவசாயி சொல்வார், கட்டின பெண்டாட்டியாவது சொல்வாள் என்று காத்திருந்த வார்த்தை. அதைப் பூவரசன் பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுகிறவன் மாதிரி, யோசிக்காமல் கொடுத்துவிட்டான். அவனை வேலையைவிட்டுத் துரத்தியவருக்கு, மோசடிக்காரன் என்று பேர் கட்டியவருக்குக் கொடுத்துவிட்டான். அவன் இடத்தில் தான் இருந்தால் கொடுத்திருப்போமா என்று மாசிலாமணி நினைத்துப் பார்த்தார். மாட்டோம் என்று நன்றாகவே தெரிந்தது.

இவ்வளவு சுலபமாக அவனால் கொடுக்க முடிகிறதே என்று வயிறு எரிந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.